ஒன்று விட்டு ஒன்று

இருபது நிமிடம் எனக்குப் பழகிப்போயிருந்தது. நிரலை ஓடவிட்டு எழுந்துபோய் டீ போட்டுக் குடித்து, தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தால் திரையில் விடை நிற்கும். அறுபது மழைமானி நிலையங்கள், 1981 முதல் 2020 வரை நாற்பது ஆண்டுகள், தினமும் காலை 8.30 மணிக்கு அளந்த மழை. ஒரு நிலையத்துக்கு 14,610 நாள்கள், அறுபதுக்கும் சேர்த்து 8,76,600 வரிசைகள். ஒவ்வொரு வரிசையிலும் ஐந்து எண்கள்: நிலைய எண், ஆண்டு, மாதம், நாள், மில்லிமீட்டரில் மழை. அளவு எடுக்காமல் விட்ட நாளில் மழையின் இடத்தில் -999 என்று இருக்கும். என் நிரலின் முதல் வேலை இந்த -999 வரிசைகளைக் களைவது. அடுத்தது, மிஞ்சியவற்றில் மழைநாள் எத்தனை, கனமழை நாள் எத்தனை என்று நிலையவாரியாக எண்ணுவது. கடைசியாக, தொடர்ந்து ஐந்து நாளில் பெய்த அதிகபட்ச மழை எவ்வளவு என்று தேடுவது. இவ்வளவுக்கும் சேர்த்துத்தான் இருபது நிமிடம்.

நாற்பது ஆண்டு மழையைப் படிக்க அது ஒன்றும் அதிகமில்லை என்றே நினைத்திருந்தேன். உடன் வேலை பார்க்கும் தம்பி ஒருநாள் பின்னால் நின்று திரையைப் பார்த்துவிட்டு, "அக்கா, ஒவ்வொரு வரிசையா எதுக்குப் போறீங்க? லூப்பைத் தூக்கிடுங்க, ஒரு நொடியில முடிஞ்சிடும்" என்றான்.

எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. வேகத்துக்காக விளங்காத நிரல் எழுதுவானேன் என்பது என் கட்சி. லூப் என்றால் எல்லாம் கண்ணுக்கு நேரே நடக்கிறது. முதல் வரிசையை எடு, மழையைப் பார், -999 என்றால் நீக்கு, அடுத்ததுக்குப் போ. யாரிடம் காட்டினாலும் புரியும். நடுவில் நிறுத்தி எந்த வரிசையில் நிற்கிறோம் என்று பார்க்கலாம். நான் நிரல் எழுதக் கற்றது சி மொழியில். அங்கே லூப்பைப் பற்றி யாரும் குறை சொல்லிக் கேட்டதில்லை. ஒரே வரியில் முழு அணியையும், அதாவது எண்களின் அட்டவணை முழுவதையும், வடிகட்டும் நிரலைப் பார்க்கும்போது, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமலே நம்பச் சொல்கிறார்கள் என்றுதான் தோன்றும். மெதுவாக ஓடினாலும் என் நிரல் சரியாக ஓடுகிறது என்ற நிம்மதி எனக்கு இருந்தது. அந்த நிம்மதி போன கதையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

## இருபது நிமிடமும் எங்கே போனது

அவன் சொன்னதைத் தப்பென்று காட்டுவதற்காகவே நேரத்தைப் பகுதி பகுதியாக அளந்தேன். பெரும்பங்கு முதல் வேலையிலேயே, அதாவது -999 களைவதிலேயே, போய்க்கொண்டிருந்தது. கணக்குப் போடும் பகுதிகள் அதைவிடக் குறைந்த நேரம்தான் எடுத்தன.

லூப் மெதுவாக ஓடுவதற்குப் பொதுவான காரணம் ஒன்று உண்டு. நான் எழுதும் பைத்தான் மொழியில் எண்களை மொத்தமாகக் கையாள நம்பை என்றொரு தொகுப்பு உண்டு. அதன் அணிக்குள் எண்கள் ஒவ்வொன்றும் 8 பைட்டாக, இடைவெளி விடாமல் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. சி மொழியின் அணியும் அப்படித்தான். ஆனால் பைத்தான் லூப்பிலிருந்து அதில் ஓர் எண்ணைக் கேட்டால், அந்த 8 பைட்டை எடுத்து, இன்ன வகை எண் என்று சீட்டு ஒட்டி, புதிதாகப் பொட்டலம் கட்டிக் கையில் தருகிறது. ஒப்பிடும்போது பொட்டலத்தைப் பிரித்து வகை பார்க்கிறது. முடிந்ததும் எறிந்துவிடுகிறது. இரண்டு எண்களை ஒப்பிடும் வேலைக்கு ஒரு நானோநொடிகூட ஆகாது. கட்டுவதற்கும் பிரிப்பதற்கும் அதைப்போலப் பல பத்து மடங்கு ஆகிறது. இதை எட்டே முக்கால் லட்சம் தடவை செய்ய வேண்டும்.

முழு அணியையும் ஒரே கட்டளையில் ஒப்பிடச் சொன்னாலும் லூப் ஒழிவதில்லை. சி மொழியில் எழுதித் தொகுத்து வைத்த லூப் ஒன்று உள்ளே ஓடத்தான் செய்கிறது. வகை பார்ப்பது தொடக்கத்தில் ஒரே ஒரு தடவை. எண்கள் அடுத்தடுத்துக் கிடந்தால் கேஷ் வரி எனும் 64 பைட் துண்டு ஒவ்வொன்றிலும் எட்டு எண்ணாகச் செயலிக்கு வந்துசேரும். 256 பிட் பதிவகம் (கணக்குப் போடும்போது எண்களை வைத்துக்கொள்ளும் உள்ளிடம்) உள்ள செயலி ஒரே அடியில் நான்கு எண்களை ஒப்பிட்டுவிடும். இதைப் படித்தபோது என் கோபம் கொஞ்சம் தணிந்தது. கல்லூரியில் நான் எழுதிப் பழகிய அதே லூப்தான் அது. அதை நான் என் கையால் எழுத வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

என் நிரலை உண்மையில் முடக்கியது வேறொன்று. நம்பையில் டெலீட் என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஒரு வரிசையை நீக்கச் சொன்னால் அது அந்த வரிசையை மட்டும் எடுத்துவிடுவதில்லை. பதிவேட்டில் ஒரு வரியை அடிப்பதற்காக, அந்த ஒரு வரி நீங்கலாக முழுப் பதிவேட்டையும் புது நோட்டில் எழுதிவிட்டுப் பழையதைத் தூக்கிப் போடுவது போல, மொத்த அணியையும் நகலெடுக்கிறது. 8,76,600 வரிசை, ஐந்து எண், எட்டு பைட். சுமார் 35 மெகாபைட். என் லூப் இருபத்திரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வரிசைகளை ஒவ்வொன்றாக நீக்கியது. பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 800 ஜிகாபைட். நான் டீ குடித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் கணினி பதிவேட்டை நகலெடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஆர் மொழியில் வரிசை வரிசையாக ஒட்டி அணியை வளர்ப்பவர்களும், மேட்லேபில் லூப்புக்குள் வரிசையை நீக்குபவர்களும் விழும் குழி இதேதான்.

## தாளில் எழுதிப் பார்த்த நாள்

இவ்வளவு தெரிந்த பிறகும் வீம்பு போகவில்லை. தம்பி சொன்னபடி எழுதித்தான் பார்ப்போமே என்று எழுதினேன். மழை நெடுவரிசையில் இருப்பது -999 அல்லாத எண்ணா என்று மொத்த அணியையும் கேட்டால், 8,76,600 ஆம்-இல்லைகள் கொண்ட ஒரு நீண்ட பட்டியல் வரும். இதைத்தான் மாஸ்க் என்கிறார்கள். அந்தப் பட்டியலையே அணிக்குச் சுட்டாகக் கொடுத்தால் 'ஆம்' உள்ள வரிசைகள் மட்டும் வந்து நிற்கும். நகலெடுப்பது ஒரே ஒரு தடவை. என்டர் தட்டிக் கையை எடுப்பதற்குள் முடிந்துவிட்டது.

ஆனால் எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை. என் பழைய நிரல் மிச்சம் வைத்த வரிசைகள் எட்டு லட்சத்து ஐம்பத்து மூவாயிரத்துச் சொச்சம். புது வரி மிச்சம் வைத்தது அதைவிட இருபதாயிரம் குறைவு. எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். பார், வேகம் வேகம் என்று சொல்லி இருபதாயிரம் நாள் மழையை விழுங்கிவிட்டது என்று நினைத்தேன். தவறு எந்தப் பக்கம் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் வரவில்லை. அதைத் தம்பியிடம் கையோடு காட்ட வேண்டும் என்பதற்காக, எந்த நிலையத்தில் வித்தியாசம் அதிகம் என்று தேடி, ஒரு மலையோர நிலையத்தின் ஒரே ஒரு நவம்பரை மட்டும் எடுத்துத் தாளில் எழுதினேன்.

அந்த நவம்பரில் தொடர்ந்து ஒன்பது நாள் அளவு இல்லை. தாளில் ஒன்பது முறை -999 எழுதினேன். புது வரி ஒன்பதையும் நீக்கியிருந்தது. என் லூப் நீக்கியவற்றைச் சிவப்புப் பேனாவால் அடித்துக்கொண்டே வந்தேன். முதல் நாள், மூன்றாம் நாள், ஐந்தாம் நாள், ஏழு, ஒன்பது. ஒன்று விட்டு ஒன்று. இரண்டும் நான்கும் ஆறும் எட்டும் அப்படியே நின்றன.

அதைப் பார்த்த கணத்திலேயே காரணம் புரிந்துவிட்டது. பத்தாவது வரிசையை நீக்கியதும் பதினொன்றாவது நகர்ந்து பத்தாவது இடத்துக்கு வந்துவிடுகிறது. என் நிரலோ பத்தைப் பார்த்தாயிற்று என்று பதினொன்றுக்குப் போய்விடுகிறது. நகர்ந்து வந்ததை யாரும் பார்க்கவே இல்லை. தனியாக ஒருநாள் அளவு விட்டுப்போன இடங்களில் இது தெரியாது, சரியாகவே நீக்கும். தொடர்ச்சியாக விட்டுப்போன இடங்களில் மட்டும் பாதி தப்பிவிடும். லூப்பைக் கடைசியிலிருந்து முன்னோக்கி ஓட்டியிருந்தாலோ, நீக்கிய தடவை மட்டும் எண்ணைக் கூட்டாமல் விட்டிருந்தாலோ இந்தத் தவறு வந்திருக்காது. இது நிரல் எழுதுபவர்களுக்கு மிகப் பழக்கமான தவறு. எனக்கும் தெரிந்த தவறுதான். தெரிந்தும் செய்திருந்தேன்.

தப்பிய -999கள் ஏன் கண்ணில் படவில்லை என்பதைத்தான் அன்று இரவு முழுக்க யோசித்தேன். சராசரி எடுத்திருந்தால் எதிர்மறையில் வந்து காட்டிக்கொடுத்திருக்கும். நான் எடுத்ததோ எண்ணிக்கை. இந்திய வானிலைத் துறையின் வரையறைப்படி 2.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்த நாள் மழைநாள். -999 என்பது 2.5ஐ விடக் குறைவு. அதனால் மழைநாள் எண்ணிக்கையில் தவறில்லை. ஆனால் 'அளவு உள்ள நாள்களில் மழைநாள் எத்தனை சதவீதம்' என்று வகுக்கும்போது, வகுக்கும் எண்ணில் அவை போய் உட்கார்ந்துகொண்டன. அளவே எடுக்காத நாள், மழை பெய்யாத நாளாக ஆகிவிட்டது. நாற்பது ஆண்டில் பத்திலொரு பங்கு விட்டுப்போன நிலையமாக இருந்தால் 15 சதவீதம் என்று வர வேண்டியது 14.2 போல வரும். யாருக்கும் உறுத்தாத வித்தியாசம். அதிலும் எல்லா நிலையங்களுக்கும் ஒரே அளவில் நேர்ந்த தவறு இல்லை இது. பதிவு ஒழுங்காக இருந்த ஊர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மானி பழுதாகி வாரக்கணக்கில் கிடந்த, ஆள் போக்குவரத்து குறைந்த ஊர்களின் மழை மட்டும் என் அட்டவணையில் குறைந்திருந்தது. அந்தக் குறைவுக்கு மலையின் மறைவுப் பக்கம் என்று நானே ஒரு விளக்கமும் எழுதி அனுப்பியிருந்தேன். மறுநாள் அதைத் திருத்திக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. அந்தக் கடிதம் எழுதியபோது இருந்த மனநிலை இன்னும் ஆறவில்லை.

என் நிரலைப் பல தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். பார்த்ததெல்லாம் முதல் இருபது, முப்பது வரிசைகள். அங்கே -999 தனித்தனியாகத்தான் இருந்தது. ஒவ்வோர் அடியையும் பின்தொடர முடிகிறது என்பதால் ஒவ்வோர் அடியையும் பார்த்துவிட்டேன் என்று நம்பியிருக்கிறேன். எட்டு லட்சம் அடிகளை யாராலும் பார்க்க முடியாது. மாஸ்க் வரியில் பின்தொடர ஒன்றுமில்லை. இப்போது எந்த இடத்தில் நிற்கிறோம் என்ற கேள்வியே அதில் கிடையாது. ஒரு வரிசைக்கு வரும் விடை இன்னொரு வரிசையின் விடையைத் தொடவே வழியில்லை. என் தவறு லூப்பின் வேகக்குறைவில் இல்லை. பார்ப்பதையும் நீக்குவதையும் ஒரே நடையில் செய்ததில்தான் இருந்தது. கேள்வியை முழுதாகக் கேட்டு, விடையை முழுதாக வாங்கிக்கொண்ட பிறகு எடுப்பதை எடுத்தால் அந்தத் தவறுக்கு நுழைய இடமே இல்லை.

இந்த யோசனை புதிதில்லை. கென்னத் ஐவர்சன் 1960களில் உருவாக்கிய ஏபிஎல் மொழியில், 0-1 வரிசை ஒன்றை இடப்பக்கம் எழுதிச் சாய்கோடு போட்டு வலப்பக்கம் தரவை எழுதினால், 1 உள்ள இடங்கள் மட்டும் கிடைக்கும். வடிகட்டும் வேலைக்கு மொத்தமே ஒரு சாய்கோடு. 1979இல் டூரிங் விருது வாங்கியபோது அவர் பேசியதும், நல்ல குறியீடு எப்படிச் சிந்தனைக்கே கருவியாகிறது என்பதைப் பற்றித்தான்.

## நீக்காமல் குறித்து வைப்பது

அப்புறம் இன்னொன்றும் தெரிந்தது. நீக்கியதே தப்பு. மூன்றாவது வேலையில், அடுத்தடுத்த ஐந்து வரிசைகளைக் கூட்டி ஐந்து நாள் மழை என்று எடுத்துக்கொண்டிருந்தேன். நடுவில் வரிசைகளை நீக்கிவிட்டால் ஐந்து வரிசை ஐந்து நாளாக இருக்குமா? நவம்பர் 3க்குப் பக்கத்தில் நவம்பர் 13 வந்து நிற்கும். ஒரு நிலையத்தின் 2020 டிசம்பர் 31க்கு அடுத்து இன்னொரு நிலையத்தின் 1981 ஜனவரி 1 வந்து நிற்கும். இரண்டு ஊர் மழையைக் கூட்டியிருக்கிறேன்.

ஆகவே நீண்ட பட்டியலை மடித்து, 60 வரிசை, 14,610 நெடுவரிசை கொண்ட அணியாக்கினேன். வரிசைக்கு ஒரு நிலையம், நெடுவரிசைக்கு ஒரு நாள். எல்லா நிலையத்துக்கும் எல்லா நாளும் விடாமல் இருந்ததால் மடிப்பது ஒரே வரியில் முடிந்தது. நிலையம், ஆண்டு, மாதம், நாள் என்ற நான்கு எண்களும் தேவையற்றுப் போயின, இடமே அவற்றைச் சொல்லிவிடுகிறது. எதையும் நீக்கவில்லை. பக்கத்தில் அதே அளவில் ஓர் ஆம்-இல்லை அணி, 'அளவு உண்டா' என்று. ஒரு விடைக்கு ஒரு பைட்டுதான். நாற்பது ஆண்டுக்கும் அறுபது ஊருக்கும் சேர்த்து ஒரு மெகாபைட்கூட ஆகவில்லை.

முதலில் -999க்குப் பதில் நேன், அதாவது 'இது எண்ணே இல்லை' என்று காட்டும் குறி, போட்டுப் பார்த்தேன். அதில் ஒரு பொறி இருக்கிறது. நேன் 2.5ஐ விட அதிகமா என்று கேட்டால் இல்லை என்று வரும். குறைவா என்று கேட்டாலும் இல்லை என்றே வரும். அதனால் மழைநாள் மாஸ்கைத் தலைகீழாக்கி அதுதான் வறண்ட நாள் என்று எடுத்துக்கொண்டால், அளவில்லாத நாள்களெல்லாம் மறுபடி வறண்ட நாளாகிவிடும். விட்ட இடத்துக்கே திரும்பிப் போயிருப்பேன். வறண்ட நாள் என்றால் 'அளவு உண்டு' என்பதும் 'மழைநாள் இல்லை' என்பதும் சேர்ந்து இருக்க வேண்டும். இரண்டு மாஸ்குகளைச் சேர்க்கப் பைத்தானின் வழக்கமான 'ஆண்ட்' உதவாது. & குறி போட வேண்டும். அந்தக் குறி ஒப்பீட்டுக்கு முந்திக்கொண்டு ஓடிவிடும் என்பதால் இருபுறமும் அடைப்புக்குறி கட்டாயம்.

கடைசியில் நேனையும் விட்டேன். மழையைப் பத்தால் பெருக்கி முழு எண்ணாக வைத்துக்கொண்டேன். காரணம் 115.6. வானிலைத் துறையின் கணக்கில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை, அதற்கு மேல் அதிகனமழை. 115.6ஐ இரும எண்ணில் துல்லியமாக எழுத முடியாது. 32 பிட்டில் வைத்தால் அது 115.599998 ஆகிவிடும். எல்லைகளை 64 பிட்டில் வைத்து ஒப்பிட்டால், சரியாக 115.6 பெய்த நாள் ஒரு படி கீழே இறங்கிக் கனமழையில் போய்ச் சேரும். 1156 என்று வைத்தால் இந்தக் கவலையே இல்லை. 25, 645, 1156, 2045 என்ற நான்கு எல்லைகளைக் கொடுத்து, எந்த எண் எந்த இடைவெளியில் விழுகிறது என்று நம்பையின் டிஜிடைஸ் கட்டளையிடம் கேட்டால், என் பழைய நிரலில் ஏணி மாதிரி நின்ற இஃப்-எல்ஸ் வரிசை முழுவதும் ஒரே வரியில் அடங்கிவிட்டது.

ஐந்து நாள் கூட்டலுக்குக் கிடைத்த வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. வங்கிப் பாஸ்புக்கில் ஒவ்வொரு வரியிலும் இருப்பு இருக்கும். மார்ச்சில் எவ்வளவு சேர்ந்தது என்று தெரிய, மார்ச் மாத வரவுகளையெல்லாம் கூட்ட வேண்டியதில்லை. மாதக் கடைசி இருப்பிலிருந்து முந்தைய மாதக் கடைசி இருப்பைக் கழித்தால் போதும். மழையையும் அப்படியே முதல் நாளிலிருந்து சேர்த்துக்கொண்டே போய், இன்றைய கூட்டிலிருந்து ஐந்து நாள் முந்தைய கூட்டைக் கழித்தால் ஐந்து நாள் மழை. முப்பது நாள் வேண்டுமென்றாலும் அதே ஒரு கழித்தல்தான். அளவில்லாத நாளில் பூஜ்யம் போட்டுக்கொண்டேன். 'அளவு உண்டா' அணியையும் இதேபோலக் கூட்டிக் கழித்து, ஐந்துக்கு ஐந்தும் அளவு இருந்த இடங்களை மட்டும் ஏற்றுக்கொண்டேன். தசம எண்ணாக இருந்திருந்தால் இந்தக் கூட்டலில் சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். ஒரே ஒரு நேன் இருந்தாலும் அதற்குப் பின்னால் உள்ள எல்லாம் நேன் ஆகிவிடும். முழு எண்ணில் அந்தத் தொல்லைகள் இல்லை.

இதையே படங்களுக்கு இரண்டு திசையிலும் செய்யலாம் என்று 1984இல் பிராங்க்ளின் குரோ கணினி வரைகலைக்காகக் காட்டினார். எவ்வளவு பெரிய செவ்வகமானாலும் நான்கு மூலை எண்களை வைத்து உள்ளே இருக்கும் மொத்தத்தையும் சொல்லிவிடலாம். 2001இல் வயோலாவும் ஜோன்ஸும் முகத்தைக் கண்டுபிடிக்கும் தங்கள் முறையை இதன் மேல்தான் கட்டினார்கள். சதுரத்துக்குள் சராசரி எடுக்கும் வடிகட்டியை நான்கு அடுக்கு லூப்பாக எழுதிவிட்டுக் காத்திருக்கும் யாரைப் பார்த்தாலும் இதைத்தான் இப்போது முதலில் சொல்கிறேன்.

எல்லாம் சேர்ந்து ஒரு நொடிக்குள் முடிகிறது.

## விட்டுவைத்த லூப்கள்

அதற்காக லூப்பே கூடாது என்ற கட்சிக்கு நான் போய்விடவில்லை. மழையில்லாமல் தொடர்ந்து எத்தனை நாள் என்று எண்ணும் வேலை ஒன்று இருக்கிறது. இன்றைய எண் நேற்றைய எண்ணைப் பொறுத்தது. இதையும் லூப் இல்லாமல் செய்ய வழி உண்டு. ஒவ்வொரு நாளுக்கும் அதற்கு முந்தைய கடைசி மழைநாளின் எண்ணை, ஓடும் உச்சம் எடுக்கும் கட்டளையால் வாங்கி, இன்றைய எண்ணிலிருந்து கழிக்க வேண்டும். அழகான வழிதான். ஆனால் அளவில்லாத நாளும் வரிசையை முறிக்க வேண்டும், ஆண்டு மாறும்போது என்ன செய்வது என்பதையும் பார்க்க வேண்டும் என்று வரும்போது அது புதிராகிவிடுகிறது. ஆறு மாதம் கழித்து எனக்கே புரியாது. அதனால் அங்கே நாள்களின் மேல் லூப் வைத்தேன். ஒவ்வொரு சுற்றிலும் அறுபது நிலையங்களையும் ஒரே கட்டளையில் கவனித்துவிடுகிறேன்: வறண்ட நாளா, முந்தைய எண்ணோடு ஒன்று கூட்டு, இல்லையென்றால் பூஜ்யம். எட்டே முக்கால் லட்சம் சுற்று 14,610 சுற்றாகக் குறைந்தது. அது போதும்.

பெரிய தரவிலும் லூப் வேண்டும். வானிலைத் துறையின், நிலப்பரப்பைக் கால் டிகிரிக் கட்டங்களாகப் பிரித்த மழைத் தரவு 1901இலிருந்து கிடைக்கிறது. ஒரு நாளுக்கு 135க்கு 129 கட்டங்கள். ஓர் ஆண்டுக்கு அறுபத்து மூன்றரை லட்சம் எண்கள், 32 பிட்டில் 25 மெகாபைட். நூற்றிருபது ஆண்டையும் ஒரே அணியாக்கினால் 3 ஜிகாபைட். அதன் மேல் நாலு ஒப்பீடு, இரண்டு கூட்டல் என்று எழுதினால் ஒவ்வொன்றும் இடையில் அதே அளவில் ஓர் அணியை உருவாக்கிவைக்கும். என் மடிக்கணினி திணறி நின்றுவிட்டது. ஆண்டுக்கு ஒரு சுற்றாக லூப் போட்டு, உள்ளே மட்டும் முழு அணியாகச் செய்தால் தொல்லையில்லாமல் ஓடுகிறது.

## ஞாயிற்றுக்கிழமை

நீக்காமல் வைத்திருந்த 'அளவு உண்டா' அணியை ஒருநாள் படமாகப் போட்டுப் பார்த்தேன். உண்டென்றால் வெள்ளை, இல்லையென்றால் கறுப்பு. நாற்பது ஆண்டில் எந்த ஊர் எப்போது விட்டுப்போனது என்பது அப்படியே தெரிந்தது. பழைய நிரலில் இவையெல்லாம் களைந்து எறிந்த குப்பை. தம்பியும் வந்து பார்த்தான். ஒரு நிலையத்தின் பட்டையில் சில ஆண்டுகளுக்குக் கறுப்பும் வெள்ளையும் கலந்து சாம்பல் நிறமாகத் தெரிவதைக் காட்டி, "இது மட்டும் ஏன் அக்கா இப்படி இருக்கு?" என்றான்.

அந்த ஒரு வரிசையை மட்டும் எடுத்து, கடைசி நாளை விட்டுவிட்டு, 2,087 வாரங்களாக ஏழு ஏழாக மடித்தேன். 1981 ஜனவரி 1 வியாழக்கிழமை. நான்காவது நெடுவரிசை ஞாயிறு. அந்தச் சில ஆண்டுகளுக்கு நான்காவது நெடுவரிசை மேலிருந்து கீழாக ஒரே கறுப்புக் கோடு.

இருவரும் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை யாரும் வந்து அளக்கவில்லை. ஆனால் மானி அங்கேயேதான் இருந்தது, மழை அதில் சேர்ந்துகொண்டுதான் இருந்திருக்கும். திங்கள் காலை வந்து அளந்தவர் இரண்டு நாள் மழையை ஒரு நாளாக எழுதியிருக்க வேண்டும். அப்படியானால் அந்த ஊரின் கனமழை நாள் எண்ணிக்கையும் எனக்குத் தப்பாகத்தான் கிடைத்திருக்கிறது, இந்தத் தடவை கூடுதலாக.

தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஞாயிறு கறுப்பாக உள்ள வாரங்களுக்கு ஒரு மாஸ்க் போட்டு, அவற்றின் திங்களை மட்டும் எடுத்துச் சராசரி கேட்டோம். செவ்வாய் முதல் சனி வரையிலான சராசரியைப் போல அது ஏறத்தாழ இரண்டு மடங்கு இருந்தது. மற்ற ஐம்பத்தொன்பது நிலையங்களையும் அதேபோல வாரமாக மடித்தோம்.